இன்டெக்ரா ஜிஎஸ்ஆரில் ஹெடர்: ஸ்மாக் செக் தாண்டிய பல வருட அனுபவம்

என் கார் 1999 மாடல் அக்யூரா இன்டெக்ரா ஜிஎஸ்ஆர். ஓடுவது கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில். இன்ஜினிலிருந்து புகையை வாங்கி வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையைத் தனித்தனிக் குழாய்களால் செய்யும் 4-2-1 வகை (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும்) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹெடர் போட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஸ்மாக் செக், அதாவது மாநிலத்தின் புகைப் பரிசோதனை, எல்லாவற்றையும் அதே ஹெடரோடுதான் தாண்டியிருக்கிறது. பழைய ஹோண்டா, அக்யூரா வைத்திருக்கும் நண்பர்கள் பலரும் ஹெடர் போட்டால் மாட்டிக்கொள்வோமா என்று கேட்கிறார்கள். சரியான ஹெடராக இருந்தால் மாட்ட மாட்டீர்கள். அந்தச் சரியானதைத் தேடுவதில்தான் வேலையே இருக்கிறது.

இங்கே வாகனச் சட்டத்தின் 27156-ஆம் பிரிவு, புகைக் கட்டுப்பாட்டைப் பாதிக்கக்கூடிய எந்த மாற்றத்தையும் தடுக்கிறது. மாநிலத்தின் காற்று வள வாரியம், அதாவது எல்லோரும் 'கார்ப்' என்று சொல்வது, ஒரு பாகத்தைப் பரிசீலித்து இதனால் புகை கூடாது என்று ஒப்புக்கொண்டால் அதற்கு எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் (சுருக்கமாக ஈஓ) ஒன்றைக் கொடுக்கும். அந்த ஈஓ எண் 'டி' என்ற எழுத்தில் தொடங்கும். எந்த வருட மாடல், எந்த இன்ஜின் என்பதெல்லாம் ஆர்டரிலேயே இருக்கும். ஒரே கம்பெனியின் ஹெடர் சிவிக்குக்குச் செல்லும், இன்டெக்ராவுக்குச் செல்லாது என்றுகூட ஆகலாம். அதனால் நான் முதலில் பிராண்டைப் பார்க்கவில்லை. கார்பின் இணையதளத்தில் என் காரின் வருடத்தையும் இன்ஜினையும் வைத்துத் தேடி, வந்த பட்டியலுக்குள்தான் தேர்ந்தெடுத்தேன். வாங்கிய பிராண்டின் பெயரை இங்கே சொல்லாததற்கும் அதுதான் காரணம். என் காருக்குப் பொருந்தும் எண் உங்கள் காருக்குப் பொருந்தாமல் போகலாம்.

விற்பவர்கள் '50 மாநிலத்திலும் செல்லும்' என்று எழுதியிருந்தால் ஈஓ எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். 'ரேஸ் டிராக்குக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் சாலையில் ஓடும் காருக்கு அது கிடையாது, அவ்வளவுதான். ஜப்பானிலிருந்து வரும், இன்டெக்ராவின் வேக மாடலான டைப் ஆரின் ஹெடரை ஹோண்டாவே செய்ததுதானே என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். யார் செய்தது என்பது இங்கே கணக்கில் வராது. இந்தக் காரோடு வந்த பாகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈஓ இருக்க வேண்டும்.

இன்டெக்ராவில் ஒரு நல்ல விஷயம், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் தனியாகக் காரின் அடியில் இருக்கிறது. ஹெடர் அதற்கு முன்பே முடிந்துவிடும். கன்வர்ட்டர் இருந்த இடத்திலேயே இருக்கும், முன்னும் பின்னும் உள்ள ஆக்ஸிஜன் சென்சார்களும் தங்கள் வேலையைச் செய்யும். சயான் எஃப்ஆர்-எஸ் போன்ற கார்களில் முதல் கன்வர்ட்டர் ஹெடரோடேயே சேர்ந்து வருகிறது. அங்கே வெறும் குழாயைப் போடுவது கன்வர்ட்டரையே பிடுங்குவதாகிவிடும். அது மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படி எந்த மாநிலத்திலும் குற்றம். வி8 மஸ்டாங்குக்கு வரும் லாங் டியூப் ஹெடர்களில் பெரும்பாலும் கன்வர்ட்டரைப் பின்னால் தள்ள வேண்டிவரும். அதனால்தான் ஈஓ வாங்கியவை பெரும்பாலும் ஷார்ட்டி என்ற குட்டைக் குழாய் வகையாக இருக்கின்றன.

சரி, வண்டி எப்படி ஓடுகிறது? ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் இன்ஜின் கம்பெனியிலிருந்தே 170 குதிரைத்திறன் தருவது, அதுவும் 7600 ஆர்பிஎம்மில். இதன் சொந்த மேனிஃபோல்டே மோசமானது இல்லை. அதனால் ஹெடர் மட்டும் போட்டு இருபது, முப்பது குதிரைத்திறன் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூடுவது கொஞ்சம்தான். ஆனால் அது கூடும் இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. 4-2-1 அமைப்பில் 1-வது, 4-வது சிலிண்டர்கள் ஒரு குழாயிலும் 2-வது, 3-வது சிலிண்டர்கள் இன்னொன்றிலும் சேருகின்றன. வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதால் ஒரே குழாயில் சேரும் இரண்டு சிலிண்டர்களின் புகை ஒன்றோடொன்று மோதாமல் சம இடைவெளியில் போகும். ஒன்று வெளியேறும்போது அடுத்ததை இழுத்துக்கொண்டு போகும். நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கிறது. விடெக் (வால்வுகள் திறக்கும் அளவை மாற்றும் ஹோண்டாவின் அமைப்பு) மாறும் 4400 ஆர்பிஎம்மை ஒட்டி முன்பு இருந்த தொய்வு இப்போது தெரிவதில்லை. தினமும் ஆபீஸ் போக ஓட்டும் எனக்கு உச்ச ஆர்பிஎம்மில் மட்டும் வேலை செய்யும், நான்கு குழாயும் நேராக ஒன்றில் சேரும் 4-1 வகையைவிட இதுதான் உபயோகம்.

ஹெடரைப் பொருத்தும்போது கஞ்சத்தனம் செய்யக்கூடாத இடம் கேஸ்கெட், அதாவது இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு. மேனிஃபோல்ட் கேஸ்கெட், கீழே வரும் டோனட் கேஸ்கெட், நட்டுகள் எல்லாம் புதிதாக வாங்குங்கள். சில முறை சூடேறி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். முன் சென்சாருக்கு மேலே சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், கம்ப்யூட்டர் அதிகமாக ஊற்றும். மைலேஜ் குறையும், கார்பன் மோனாக்சைடு ஏறும், கன்வர்ட்டரும் கெடும். ஹெடர் போட்டு ஸ்மாக்கில் தோற்றுவிட்டது என்று வந்த கார்களில் நான் முதலில் இந்தக் கசிவைத்தான் தேடுவேன்.

1999 வரையிலான மாடல்களை எங்கள் பகுதியில் உருளைமேல் ஏற்றி மணிக்கு 15 மைல், 25 மைல் வேகத்தில் ஓட்டிப் புகையை அளக்கிறார்கள். 2000 முதல் வந்த மாடல்களுக்குப் பெரும்பாலும் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சோதனைதான். கூடவே கண்ணால் பார்க்கும் சோதனையும் உண்டு. பானட்டைத் திறந்ததும் பளபளக்கும் ஹெடர்தான் முதலில் கண்ணில் படும், உடனே எண்ணைக் கேட்பார்கள். ஹெடரோடு வந்த ஈஓ ஸ்டிக்கரைச் சூடு படாத இடத்தில், பானட்டைத் திறந்தால் தெரியும்படி ஒட்டியிருக்கிறேன். ஆர்டரின் நகல் ஒன்று டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. ஒருமுறை சோதனை செய்தவர் ஸ்டிக்கரை நம்பாமல் நகலை வாங்கிப் படித்துவிட்டுத்தான் மேலே போனார், அது அவர் வேலை. அப்படியும் தகராறு வந்தால் இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் மாநிலத்தின் ஸ்மாக் செக் ரெஃபரியிடம் நேரம் வாங்கிக்கொண்டு போகலாம்.

சோதனைக்குப் போகும்முன் ஃப்ரீவேயில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். கன்வர்ட்டர் நன்றாகச் சூடாக இருந்தால்தான் அதன் வேலையைச் செய்யும். வரிசை நீளமாக இருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பதைவிட வேறு நாள் போவது மேல்.

குறைகளும் உண்டு. பழைய வெப்பத் தடுப்புத் தகடு புதிய ஹெடரில் உட்காரவில்லை, அதனால் பானட்டுக்குள் சூடு கூடுதல். அதற்காகத் துணி நாடா சுற்றுவது எனக்குச் சம்மதமில்லை. ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயைக் கெடுத்துவிடும். அடுத்த முறை செராமிக் பூச்சு உள்ளதைத்தான் வாங்குவேன். கீழ்க்குழாய்கள் ஆயில் பானுக்கு அடியில் போவதால் காரைத் தாழ்த்தியவர்களுக்கு வேகத்தடையில் உரசும். நான் தாழ்த்தவில்லை. சத்தம் கொஞ்சம் கரகரப்பாகிவிட்டது. கார்களுக்கு இங்கே 95 டெசிபல்தான் எல்லை என்பதால் பின்னால் கம்பெனி சைலன்சரையே விட்டுவைத்திருக்கிறேன். கன்வர்ட்டர் வயதாகிக்கொண்டிருக்கிறது. மாற்றும்போது அதற்கும் ஈஓ எண் உள்ளதுதான் வேண்டும், வெளிமாநில விலையைவிட அதிகம். இப்போதே அதற்குப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.