1944 வில்லிஸ் ஜீப்பும் அதன் வயர்லெஸ் பெட்டியும்: கோவைப் பட்டறை ஒன்றில் பெற்ற சேவை

தாத்தா காலத்தில் வால்பாறை எஸ்டேட்டில் ஓடி, பிறகு நெடுங்காலம் கொட்டகையில் கிடந்த எங்கள் 1944ஆம் ஆண்டு வில்லிஸ் எம்பி என்ற இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ ஜீப்பைச் சீரமைக்கக் கோவையில் ஒரு சிறு பட்டறையிடம் ஒப்படைத்திருந்தேன். ஒரு குறையையும் சொல்லவிருப்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன். எஞ்சின் வேலை நன்றாகவே முடிந்தது. 60 குதிரைத்திறன் கொண்ட அந்த 4 சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நான் விரிவாக எழுத விரும்புவது மின்பணியைப் பற்றி.

இந்த ஜீப்புகள் 6 வோல்ட்டில் இயங்கப் பிறந்தவை. எங்கள் வண்டியையும் யாரோ 12 வோல்ட்டுக்கு மாற்றி, மெல்லிய கேபிள்களைப் போட்டிருந்தார்கள். 6 வோல்ட் என்றால் விளக்கு மங்கும், ஸ்டார்ட்டர் இழுக்காது என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள்தான். அதே திறனுக்கு இரு மடங்கு மின்னோட்டம் பாய வேண்டியிருப்பதால், தடித்த கேபிளும் துருவற்ற எர்த் இணைப்பும் இல்லாவிட்டால் வோல்ட்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். பட்டறையினர் இதை உணர்ந்து, வண்டியை மீண்டும் 6 வோல்ட்டுக்கே மாற்றி, பேட்டரி கேபிள்களைப் பழைய தடிமனுக்கே கொண்டுவந்து, டைனமோவைத் திரும்பச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் மூன்று சுருள்களையும் மீட்டர் வைத்துச் சரிசெய்தார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின் இப்போது முதல் சுற்றிலேயே பிடிக்கிறது.

பானெட்டில் அடுக்கடுக்காக இருந்த வண்ணத்தைச் சுரண்டியபோது, ராணுவப் பதிவெண்ணுக்குப் பின்னால் ‘எஸ்’ என்ற எழுத்து தெரிந்தது. வயர்லெஸ்ஸுக்கு இடையூறு தரும் மின்னிரைச்சல் அடக்கப்பட்ட வண்டி என்பதற்கான அடையாளம் அது. பானெட்டையும் எஞ்சினையும் பாடியோடு இணைக்கும் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் பட்டைகள், டைனமோவிலும் ரெகுலேட்டரிலும் கண்டென்சர்கள் (மின்தேக்கிகள்), ஸ்பார்க் பிளக் வயர்களில் மின்தடைகள் ஆகியவை சேர்ந்துதான் அந்த இரைச்சலை அடக்குகின்றன. பல பட்டறைகள் இவற்றை அலங்காரமாகக் கருதிக் கழற்றி எறிந்துவிடுகின்றன என்பது என் நெடுநாளைய வருத்தம். இங்கிருந்த மூத்த எலக்ட்ரீஷியன் அப்படிப்பட்டவர் அல்லர். “எஞ்சின் ஓடறப்ப ரேடியோ சுத்தமாக் கேக்கோணுங்க, அதுவரைக்கும் வேலை முடிஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டனுங்க” என்றார்.

ஆனால், முதல் சோதனையில் சிற்றலை ரேடியோவில் எஞ்சினின் ஒவ்வொரு பொறியும் டிக் டிக்கென்று கேட்டது. பட்டைகளைப் பூட்டும் இடங்களிலும் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். பட்டையோடு பூட்டும் பற்கள் கொண்ட வாஷர் அந்தப் பூச்சைத் துளைத்து உலோகத்தைத் தொடவில்லை. இது கவனக்குறைவுதான். குறையை மறைக்காமல், ஒவ்வொரு இடத்தையும் தேய்த்து உலோகத்தை வெளிக்கொணர்ந்து, கூடுதல் கட்டணமின்றி மீண்டும் பூட்டிக் கொடுத்தார்கள்.

நான் முன்பே வாங்கி வைத்திருந்த பிசி-659 வயர்லெஸ் பெட்டியையும் அவர்களிடமே கொடுத்தேன். பீரங்கிப் படையினர் பயன்படுத்திய இந்த எஃப்எம் கருவி 27 முதல் 38.9 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குவது. அதன் பிஇ-117 பவர் சப்ளை 6 வோல்ட்டிலும் வேலை செய்யும் என்பதால், வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததற்கு இங்கேதான் முழுப் பலன் கிடைத்தது. கசிந்துகொண்டிருந்த காகிதக் கண்டென்சர்களை அகற்றி, பழைய உறைகளுக்குள்ளேயே புதியவற்றை வைத்து அடைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தாலும் தோற்றம் கெடவில்லை. பவர் சப்ளையில் வேகமாக அதிர்ந்து பேட்டரி மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சும் வைப்ரேட்டரின் ஒட்டிக்கொண்டிருந்த முனைகளைத் தேய்த்து உயிர்ப்பித்தது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது. அந்த மெல்லிய ரீங்காரம் இல்லாமல் இந்தப் பெட்டி முழுமை பெறாது. ஒலிபரப்பும் பகுதியை அவர்கள் இணைக்கவில்லை. அமெச்சூர் வானொலி உரிமம் இல்லாத என்னிடம் அதைச் செயல்படும் நிலையில் தர மறுத்தது முற்றிலும் சரியே.

நான்கு மாதத்தில் தருவதாகச் சொன்ன வண்டி ஒன்பது மாதம் கழித்தே கைக்கு வந்தது. இடையில் நான் கேட்காமல் எந்தத் தகவலும் வரவில்லை. பெயின்ட் வேலையைவிட மின்பணிக்கே கட்டணம் அதிகம், ஆனால் பில்லில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. உங்கள் வண்டியை இத்தகைய வேலைக்குக் கொடுப்பதானால், உதிர்ந்துபோன பழைய வயர்களையும் கிளிப்புகளையும் ஒரு சாக்கில் கட்டி உடன் கொடுங்கள்; எங்கள் ஜீப்பின் கேபிள் நீளங்களை அவர்கள் அந்தச் சாக்கிலிருந்துதான் அளந்தெடுத்தார்கள்.