கர்சர் மினுங்கியதற்கு 7,499 ரூபாய் அழுதேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 7,499 ரூபாய். கம்ப்யூட்டர் புகையவில்லை, ஹார்டு டிஸ்க் போகவில்லை, மவுஸ் கர்சர் மினுக்கு மினுக்கு என்று அடித்தது, அதற்குப் போய் 7,499 ரூபாய் தண்டம் அழுதிருக்கிறேன். புதன்கிழமை நடந்தது, இன்றைக்குச் சனி. வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். கோரல்டிரா என்கிற படம் வரைகிற மென்பொருளில் செய்து கொடுத்தால் கடைக்காரர்கள் சிவகாசிக்கு அனுப்பி அச்சடித்துக்கொள்வார்கள். ஆடி முழுக்க ஈ ஓட்டிவிட்டு இப்போதுதான் ஆவணி முகூர்த்த வேலை குவிந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் திங்கட்கிழமை காலையில் இது ஆரம்பித்தது. அம்பு இருக்கும், பக்கத்திலே அந்த நீல வட்டம் வந்து ஒரு சுற்று சுற்றும், மறையும், திரும்ப வரும். இரண்டு மூன்று நொடிக்கு ஒரு தடவை. பிள்ளையார் தும்பிக்கை வளைவில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுக்கப் போவேன், கர்சர் துடிக்கும், கை பக்கத்துப் புள்ளியைப் பிடித்துவிடும், தும்பிக்கை கோணிக்கொண்டு காதுக்குப் போய்விடும். ஒரு பிள்ளையாருக்கு அரை மணி நேரம் ஆனது. மவுஸைத் துடைத்தேன், வேறு போர்ட்டில் செருகினேன், வீட்டுக்காரர் 350 ரூபாய்க்குப் புது மவுஸே வாங்கிவந்தார். அதிலும் அதே கூத்து.

புதன்கிழமை கூகுளில் தேடினேன். முதலில் வந்தது ஒரு 1800 நம்பர், பெரிய கம்பெனியின் உதவி மையம் மாதிரியே பெயர். மேலே பொடி எழுத்தில் விளம்பரம் என்று இருந்திருக்கிறது, அவசரத்தில் யார் பார்த்தது? போட்டதும் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள், தமிழ் வேண்டும் என்றதும் ஒருவரிடம் மாற்றிவிட்டாள். மேடம் மேடம் என்றுதான் ஆரம்பித்தார். நான் மதுரை என்றதும், "அட, நான் திருமங்கலம்க்கா! நம்ம ஊருக்காரங்க, கவலைய விடுங்க, நான் பாத்துக்குறேன்" என்றார். அந்த ஒரு "அக்கா"வில்தான் விழுந்தேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று வேறு பேசிக்கொண்டிருந்தோம், வெட்கக்கேடு.

தூரத்திலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்குகிற ஒரு செயலியைப் போடச் சொன்னான். (இதுவரை அவர் இவர் என்று எழுதியாயிற்று, இனிமேல் முடியாது.) திரையில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான், படித்தேன், கர்சர் தானாக நகர ஆரம்பித்தது. ஈவென்ட் வியூவர் என்று, கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கிற ஒன்றைத் திறந்து காட்டினான், சிவப்புக் குறியும் மஞ்சள் முக்கோணமுமாகப் பக்கம் பக்கமாக ஓடுகிறது. "எல்லாம் எரர்க்கா, சிஸ்டம் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கு." அப்புறம் கறுப்பு ஜன்னல் ஒன்றில் ஏதோ தட்டினான், வரிசையாக எண்கள், தலைப்பில் ஃபாரின் அட்ரஸ் என்று இருந்தது. "பாத்தீங்களா, வெளிநாட்டுல இருந்து நாலஞ்சு பேரு உங்க சிஸ்டத்துக்குள்ள உக்காந்திருக்கானுங்க, அதான் கர்சர் ஆடுது." எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வீட்டுக்காரர் பேங்க் வேலையெல்லாம் இதே கம்ப்யூட்டரில்தான்.

ஒரு வருட பிளான் 14,999 ரூபாயாம், நம்ம ஊர் அக்கா என்பதால் 7,499. திரையிலேயே க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்தால் கம்பெனிப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர். கேட்டேன், கேட்காமல் இல்லை. "அது எங்க அக்கவுன்ட்ஸ் மேனேஜர்க்கா" என்றான். சரி என்று பின் நம்பரைப் போட்டேன். 7,499 போயிற்று. முக்கால் மணி நேரம் எதையோ அழித்தான், சும்மா கிடைக்கிற கிளீனர் ஒன்றைப் போட்டான், ரீஸ்டார்ட் செய்தான். கர்சர் அப்படியேதான் மினுங்கியது! "24 மணி நேரத்துல செட் ஆயிரும்க்கா" என்று வைத்துவிட்டான். காய்ச்சலா இது, மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்க?

வியாழன் காலையில் கூப்பிட்டால் வேறு ஆள். டிக்கெட் போட்டாயிற்று, சீனியர் டெக்னீஷியன் அழைப்பார். யாரும் அழைக்கவில்லை. மத்தியானம் கூப்பிட்டால் இன்னொருவன், மவுஸ் டிரைவர் உங்கள் பிளானில் வராது, இன்னும் 2,999 கட்டுங்கள் என்கிறான். திருமங்கலத்துக்காரரைக் கொடுங்கள் என்றேன், அப்படி யாருமே இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், 48 மணி நேரத்தில் மெயில் வரும் என்றான். சாயங்காலத்திலிருந்து என் நம்பரை எடுப்பதே இல்லை, வீட்டுக்காரர் போனில் அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுக்கிறார்கள், என் குரல் கேட்டதும் கட். பேங்கில் போய் நின்றால், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்தேன், புகார் எண் கொடுத்தார்கள். பணம் போன உடனே அடித்திருந்தால் அந்தக் கணக்கில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும் என்றார்கள். நான்தான் ஒன்றரை நாள் 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே.

நேற்று சாயங்காலம் அண்ணன் மகன் வந்தான், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்களைக் காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலைப் பெயர் வரிசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்த்தான். "அத்தை, இங்க பாருங்க, ஒருத்தன் வாரான், போறான்." உண்மைதான், ஒரே ஒரு பெயர் மட்டும் தோன்றித் தோன்றி மறைகிறது, அது வரும்போதெல்லாம் கர்சர் பக்கத்தில் நீல வட்டம். போன வருஷம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோமே பிரிண்டர், அதனுடைய மென்பொருள்! பிரிண்டரைத் தேடி எழுந்திருக்கிறது, காணாமல் விழுகிறது, திரும்ப எழுந்திருக்கிறது. ஒரு புரோகிராம் தொடங்கும்போது விண்டோஸ் பொதுவாகக் கர்சரில் அந்த வட்டத்தைக் காட்டுமாம், இது ஓயாமல் தொடங்கிக்கொண்டே இருந்ததால் கர்சரும் ஓயவில்லை. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அதை நீக்கினான், ரீஸ்டார்ட். நின்றுவிட்டது. பத்து நிமிஷம். கூலி இரண்டு பன் பரோட்டா.

சிவப்புக் குறி எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்குமாம், அவன் லேப்டாப்பிலேயே திறந்து காட்டினான், என்னுடையதைவிட அதிகம். ஃபாரின் அட்ரஸ் என்றால் வெளிநாடு இல்லை, நாம் திறந்து வைத்திருக்கிற வெப்சைட், புரோகிராம் எல்லாம் தொடர்புகொள்கிற மறுமுனைக் கம்ப்யூட்டர்களின் முகவரி. இதற்குத்தான் பயந்து பணம் கட்டியிருக்கிறேன். ஒரு பத்திரிகைக்கு எனக்கு 400 ரூபாய். 7,499 என்றால் கிட்டத்தட்ட 19 பத்திரிகை, 19 பிள்ளையார்.

இன்னொன்று, இதுதான் அடிவயிற்றில் இன்னும் புளியைக் கரைக்கிறது. அந்தச் செயலியில் நாம் ஒப்புதல் தராமலே எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருகிற மாதிரி பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதையும் நீக்கி, பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை எல்லாம் போனிலிருந்தே மாற்றினோம்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கர்சர் மினுங்கினால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வந்து வந்து போகிறது எது என்று பாருங்கள். திரை முழுக்க, டாஸ்க் மேனேஜரும் சேர்ந்தே மினுங்கினால் அது டிஸ்ப்ளே டிரைவர், அதாவது திரையை இயக்குகிற மென்பொருளின் கோளாறாக இருக்கும், அதைப் புதுப்பிக்கலாம். தேடலில் வருகிற நம்பருக்கு அடிக்காதீர்கள். முகம் தெரியாதவனுக்குத் திரையைத் திறந்துவிடாதீர்கள். கடைப் பெயரும் க்யூஆர் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே போனை வையுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது, தாய்மாமன் பெயரை விட்டுவிட்டேனாம். போகிறேன்.