கால்வின் சுழற்சிக்கான காந்தப் பலகைத் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக மாற்றும் கால்வின் சுழற்சியை மேல்நிலை மாணவர்களுக்கு விளக்குவதற்கென விற்கப்படும் காந்தப் பலகைத் தொகுப்பு ஒன்றை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். கார்பனுக்குக் கறுப்பு வில்லைகள், பாஸ்பேட்டுக்கு மஞ்சள் வில்லைகள். அவற்றை ஒட்டியும் நகர்த்தியும் சுழற்சி முழுவதையும் செய்து பார்க்கலாம்.

இத்தொகுப்பின் உண்மையான பலம் கார்பன் கணக்குதான். ஐந்து கார்பன் கொண்ட ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டுடன் ஒரு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்ததும், அது மூன்று கார்பன் கொண்ட இரு மூலக்கூறுகளாகப் பிளவுபடுவதை மாணவர் தம் விரல்களாலேயே பிரித்து வைக்கிறார். மூன்று கார்பன் டை ஆக்சைடு நுழைந்தால் ஆறு மூன்று கார்பன் சர்க்கரைகள் உருவாகின்றன. அவற்றுள் ஒன்று மட்டுமே வெளியேற, எஞ்சிய ஐந்தின் 15 கார்பன்களையும் மூன்று ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் மூலக்கூறுகளாகத் திரும்ப அடுக்க வேண்டும். படங்களில் ஓர் அம்புக்குறியோடு கடந்துபோகும் இந்த மீட்டுருவாக்கத்தில்தான் மாணவர்கள் திணறுகிறார்கள். தெளிவு பிறப்பதும் அங்கேதான். ஆறையும் வெளியே எடுத்துவிட்டால் அடுத்த கார்பன் டை ஆக்சைடை ஏற்க எதுவும் இல்லாமல் சுழற்சி நின்றுவிடுவதை அவர்களே கண்டுகொள்கிறார்கள். செலவாகும் 9 ஏடிபியும் (ஆற்றல் தரும் மூலக்கூறு) 6 என்ஏடிபிஹெச்சும் (எலக்ட்ரான்களைத் தரும் மூலக்கூறு) தனி வில்லைகளாகத் தரப்பட்டிருப்பது மிகவும் பொருத்தம்.

கையேட்டில் குளோரெல்லா பாசியையும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14ஐயும் கொண்டு அமெரிக்காவின் பெர்க்லியில் இச்சுழற்சியைக் கண்டறிய நடந்த ஆய்வுகள் சுருக்கமாக உள்ளன. 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு கால்வினுக்கு மட்டுமே கிடைத்த நிலையில், அவருடன் ஆய்வு செய்த பென்சன், பாஷம் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்திருப்பது மனநிறைவு தருகிறது.

ஆனால் ஓர் அட்டையில் இச்சுழற்சி ‘இரவில் நடைபெறுவது’ என்று அச்சிடப்பட்டிருப்பதை ஏற்கவே முடியாது. இதற்கு வேண்டிய ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் ஒளியாற்றலைப் பிடிக்கும் ஒளிவினையிலிருந்தே வருகின்றன; சுழற்சியின் நொதிகள் சிலவும் ஒளி பட்டால்தான் முழுமையாகச் செயல்படுகின்றன. சுழற்சியிலிருந்து நேரடியாகக் குளுக்கோஸ் வெளிவருவதாகக் காட்டியிருப்பதும் தவறு. வெளிவருவது மூன்று கார்பன் சர்க்கரை பாஸ்பேட். அதிலிருந்து பசுங்கணிகத்துக்குள் ஸ்டார்ச்சும் வெளியே சைட்டோபிளாசத்தில் சுக்ரோஸும் உருவாகின்றன. காந்தங்கள் சற்று வலுவற்றவை என்பதால் பலகையைச் சாய்த்து வைப்பது நல்லது.

அந்த அட்டையை நீக்கிவிட்டு வாங்கிப் பயன்படுத்தலாம் என்பதே என் பரிந்துரை. சுழற்சியில் கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கும் ரூபிஸ்கோ நொதி சில வேளைகளில் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதற்குத் தொகுப்பில் இடமே இல்லை. உபரி வில்லை ஒன்றில் சிவப்புத் தாளை ஒட்டி ஆக்சிஜனாக நுழைத்தால், ஐந்து கார்பன் மூலக்கூறு மூன்றும் இரண்டுமாகப் பிளவுபடுவதையும் இதே பலகையில் காட்டலாம்.