ஹீரோஸ் 3, ஹீரோஸ் 4: படையை யார் தூக்கிக்கொண்டு போவது?

நண்பர் ஒருவர் தள்ளுபடியில் இரண்டும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "மூணு வாங்கவா நாலு வாங்கவா, சட்டுன்னு சொல்லு" என்றார். சட்டென்று சொல்ல முடிந்தால் இத்தனை வருஷமாக இரண்டையும் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்காமல் வைத்திருப்பேனா? ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் என்றால் என்ன, டவுன் கட்டுவது, சுரங்கம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, கட்டம் போட்ட களத்தில் முறை வைத்து அடித்துக்கொள்வது என்பதெல்லாம் ஓரளவு தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இந்த இரண்டு ஆட்டங்களோடும் இருக்கிற வழக்கு ஒன்றே ஒன்று. டவுனில் காசு கொட்டிச் சேர்த்த படையை, சண்டை நடக்கிற இடத்துக்கு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

1999-ல் வந்த மூன்றாம் பாகத்தில் ஹீரோ, அதாவது படையை நடத்தும் தலைவன், இல்லாமல் ஒரு சிப்பாய்கூட டவுன் வாசலைத் தாண்ட மாட்டான். முக்கிய ஹீரோ எதிரியின் கோட்டைக்குப் பக்கத்தில் நிற்பார், வாரம் பிறக்கும், நம் டவுனில் புது ஆட்கள் வந்து நிற்பார்கள், அவர்களைக் கூட்டிப்போக மதுக்கடையில் 2500 பொன் கொடுத்து யாராவது ஒரு புதியவனைப் பிடிக்க வேண்டும். அவனுக்கு சண்டை தெரியாது, மந்திரம் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவன் சுமைகூலி. ஆட்டத்தின் நடுப்பகுதியில் என் கணக்கில் இருக்கும் ஹீரோக்களில் நிஜமான ஹீரோ ஒருவரோ இருவரோதான், மற்றவர்கள் எல்லோரும் இந்த வேலைக்கென்றே சேர்த்த ஆட்கள். மேப்பில் ஒரே சமயத்தில் எட்டுப் பேர் வரை நடமாடலாம் என்பதால் எட்டையும் நிரப்பிவிடுவேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் பாகத்தில் நடை என்பது ஹீரோவுக்கு மட்டும்தான், படைக்கென்று தனி நடை கிடையாது. ஒரு ஹீரோ தன் அன்றைய நடையைத் தீர்த்துவிட்டு நிற்கிற இடத்தில் இன்னொருவன் காத்திருந்தால், மொத்தப் படையையும் அவன் கையில் மாற்றிவிடலாம், அவன் தன் முழு நடையையும் நடந்து மூன்றாமவனிடம் கொடுக்கலாம், இப்படியே காலையில் இந்த மூலையில் இருந்த டிராகன் கூட்டம் அதே நாளில் அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். டிராகன்களுக்குக் களைப்பே கிடையாது. விளையாடுகிறவர்கள் இதைச் 'செயின்' என்பார்கள். கொஞ்சம் விவரமாக விளையாடுகிற எவரும் இதைச் செய்யாமல் இருப்பதில்லை, ஏனென்றால் செய்யாதவர் தோற்பார்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ஹீரோவின் ஒரு நாள் நடை, அன்று காலை அவனிடம் இருக்கும் படையில் மிக மெதுவான ஆளைப் பொறுத்தது. எனக்குப் பிடித்த டவுன் ராம்பார்ட். அதில் குள்ளர்களுக்கு வேகம் 3, மரமனிதர்களுக்கும் 3. இவர்களில் ஒருவன் படையில் இருந்தால் காலையில் நடைக்கு 1500 பாயின்ட்தான் கிடைக்கும், புல்தரையில் நேராகப் போனால் ஒரு கட்டத்துக்கு 100, ஆக 15 கட்டம். அதே ஹீரோவிடம் காலையில் ஒரு வெள்ளிப் பெகாசஸ் மட்டும் இருந்தால் 2000 பாயின்ட், 20 கட்டம். கணக்கு காலையில் ஒரு தடவைதான் போடப்படுகிறது, அப்புறம் குள்ளர்களை ஏற்றிக்கொண்டால் யாரும் கேட்பதில்லை. ஆகவே என்ன செய்கிறோம்? சாயங்காலம் குள்ளர்களையும் மரமனிதர்களையும் பக்கத்தில் நிற்கும் கூலிக்காரன் தலையில் கட்டிவிட்டு, முக்கிய ஹீரோவைப் பெகாசஸோடு தூங்கவைத்து, காலையில் எழுந்ததும் எல்லோரையும் திரும்ப வாங்கிக்கொண்டு 20 கட்டம் நடப்பது. ராத்திரி குள்ளர்களை வைத்திருந்த அந்தக் கூலிக்காரனுக்குக் காலையில் 15 கட்டம்தான், அவன் பின்தங்கிவிடுவான், அன்று சாயங்காலம் குள்ளர்களை ஒப்படைக்க முன்னால் வேறொருவன் நிற்க வேண்டும். ஐந்து கட்ட லாபத்துக்கு இரண்டு பேரைத் தனியாக மேய்க்கிறேன். ஒவ்வொரு நாளும். ஹீரோவின் ஏழு இடங்களில் இருக்கும் படையை மவுஸால் இழுத்து இழுத்து அந்தப் பக்கம் போட்டு, மறுபடி இந்தப் பக்கம் போட்டு. இதற்குப் பெயர் வியூகமாம்!

எர்த் மேஜிக் திறமையில் அட்வான்ஸ்டு நிலைக்கு வந்து, டவுன் போர்ட்டல் மந்திரமும் கிடைத்துவிட்டால் நினைத்த டவுனுக்குத் தாவலாம், அப்போது சுமைகூலி வேலை பாதியாகக் குறையும், அது நிஜம். ஆனால் அந்த மந்திரம், டவுனில் மந்திரம் கற்கிற மேஜ் கில்டில் வருமா வராதா என்பது அதிர்ஷ்டம். வராத ஆட்டங்களில் செயின்தான் கதி.

இப்போது 2002-ல் வந்த நான்காம் பாகத்துக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தைத் திட்டாதவர்கள் குறைவு, நானும் திட்டப்போகிறேன், ஆனால் முதலில் ஒரு கும்பிடு. என்னை மூன்றாம் பாகத்தில் பைத்தியமாக்கிய அத்தனையையும் உட்கார்ந்து யோசித்து சரிசெய்திருக்கிறார்கள். படைக்கு ஹீரோ தேவையில்லை. நாலு ஓநாயைத் தனியாக அனுப்பி வழியில் கிடக்கும் மரத்தையும் தங்கத்தையும் பொறுக்கிவரச் சொல்லலாம். நடை என்பது ஒவ்வொரு ஆளுக்கும் சொந்தம், அதனால் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டுகிற வித்தை பலிக்காது, நடந்து தீர்த்தவன் யாரிடம் போனாலும் நடந்து தீர்த்தவன்தான். ஒரே அடியில் செயின் செத்தது. அதற்கு மேல் கேரவன். டவுனில் கேரவன் கட்டிவிட்டால், வெளியே நாம் கொடி நட்ட குடியிருப்புகளில் சேர்ந்திருக்கும் ஆட்களையும், வேறு டவுனில் இருப்பவர்களையும் ஒரு திரையிலேயே தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லலாம், எத்தனை நாளில் வருவார்கள் என்று அதுவே சொல்லும், வந்து நிற்பார்கள். முதல் தடவை இதைச் செய்தபோது எனக்கு வந்த சந்தோஷம் எந்த டிராகனைக் கொன்றும் வந்ததில்லை. வாரம் ஒரு முறை காற்றாலைக்கும் நீராலைக்கும் ஆள் அனுப்பிக் கையேந்துகிற வேலையும் போயிற்று, ஒரு முறை கொடி நட்டால் வருமானம் தானாக வரும். 2500 பொன் கொடுத்து வாங்கிய கூலிக்காரர்கள் அத்தனை பேருக்கும் விடுதலை.

மற்ற மாற்றங்களிலும் பாதிக்கு மேல் எனக்குப் பிடித்தவைதான். மூன்றாம் பாகத்தில் டவுனின் ஆட்களுக்கு ஏழு நிலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேம்பட்ட வடிவம், கடைசியில் எல்லா டவுனிலும் எல்லாவற்றையும் கட்டிவிடுவோம். நான்கில் நான்கே நிலை, முதல் நிலை தவிர மற்றவற்றில் இரண்டில் ஒன்றைத்தான் கட்ட முடியும். நெக்ரோபோலிஸ் டவுனில் வேம்பையர் வேண்டுமென்றால் வெனம் ஸ்பானை மறந்துவிட வேண்டும், எலும்பு டிராகன் வேண்டுமென்றால் டெவில் கிடையாது. நிஜமாகவே யோசிக்க வைக்கிற இடம் (வேம்பையரை விட்டுவிட்டு வேறு எதையாவது எடுக்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை என்பது வேறு விஷயம்). சண்டையில் அடிப்பவனும் திருப்பி அடிப்பவனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்கிறார்கள், முந்தி அடித்தவனுக்கே லாபம் என்கிற மூன்றாம் பாகத்துக் கணக்கு இங்கே செல்லாது. பழகக் கொஞ்சம் நாள் பிடிக்கும். இசை பற்றி ஒன்றும் சொல்லாமல் போகிறேன், சொன்னால் நிறுத்த மாட்டேன்.

ஹீரோக்களே களத்தில் இறங்கி அடிப்பதுதான் ஊரே திட்டுகிற மாற்றம். மூன்றாம் பாகத்தில் ஹீரோ ஓரமாகக் குதிரையில் உட்கார்ந்து சுற்றுக்கு ஒரு மந்திரம் போடுவார், அவ்வளவுதான். நான்கில் அவர் படையின் ஏழு இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அடி வாங்குகிறார், சாகிறார். ஆரம்பத்தில் முதல் அம்பிலேயே விழுவார், அவரைச் சவமாகச் சுமந்துகொண்டு உயிர்ப்பிக்க இடம் தேட வேண்டும். மொத்தப் படையும் தோற்றால் எதிரியின் டவுன் சிறையில் போய் உட்காருவார், அந்த டவுனைப் பிடித்து மீட்க வேண்டும். பிற்பாடு அதே ஆள் காம்பாட் என்ற சண்டைத் திறமையில் உச்ச நிலையான கிராண்ட்மாஸ்டர் ஆகி, இமார்ட்டாலிட்டி மருந்தைக் குடித்துவிட்டுத் தனி ஆளாக டிராகன் கூட்டத்தைத் துவைத்தெடுப்பார். நடுவில் எங்காவது சமநிலை இருக்கிறதா என்றால் இல்லை. ஆனாலும் இதை நான் பெரிய குறையாக எடுக்கவில்லை, சிரிப்பாகத்தான் இருக்கிறது.

என் கோபம் வேறு இடத்தில். இத்தனை வசதி செய்து கொடுத்தவர்கள், அதையெல்லாம் யாருக்கு எதிராகப் பயன்படுத்துவது என்று யோசிக்கவே இல்லை. நான்கின் ஏஐ, அதாவது கம்ப்யூட்டரே ஆடும் எதிரி, நம்மைத் தேடி வருவதில்லை. வந்தாலும் பிய்ந்த படையோடு வந்து, என் சுரங்கம் ஒன்றைப் பிடித்துவிட்டு, பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூன்றாம் பாகத்து ஏஐ ஒன்றும் மேதை இல்லை, பல சமயம் முட்டாள்தனமாக நகர்த்தும், ஆனால் அதற்குப் பசி உண்டு. நம் டவுனில் காவல் இல்லை என்று தெரிந்தால் எங்கிருந்தாவது ஒருவன் வந்து நிற்பான். ஆறாம் நாள் சாயங்காலம் மேப்பின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கொடி தெரியும், என் பெரிய படை மூன்று நாள் தூரத்தில் இருக்கும், நாளை மறுநாள் வாரம் பிறந்தால்தான் டவுனில் புது ஆட்கள், அதுவரை தாங்குமா என்று கட்டம் கட்டமாக எண்ணுவேன். மூன்றாம் பாகத்தில் ஆட்கள் வாரத்தின் முதல் நாளில் மொத்தமாக வருவதால் ஏழாம் நாள் என்பதே ஒரு தனி வெப்பம், எதிரியின் டவுனை அன்று பிடித்தால் மறுநாள் அவனுடைய வாரத்து ஆட்கள் நமக்கு, ஒரு நாள் பிந்தினால் அவர்கள் சுவர் மேல் நின்று நம்மையே அடிப்பார்கள். கடைசி எட்டுக் கட்டத்துக்காக செயினில் ஏழாவது ஆளை எங்கே நிறுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்வது அப்போதுதான்.

நான்கில் ஆட்கள் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டுகிறார்கள். நியாயம்தான், வாழ்க்கையில் யாரும் திங்கட்கிழமை மட்டும் பிறப்பதில்லை. ஆனால் ஏழாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் வித்தியாசம் போய்விட்டது. பார்வை விலகினால் மேப் மறுபடி மங்கிவிடும் என்று வைத்திருக்கிறார்கள், அதாவது எதிரி வருகிறானா என்று பார்க்க முக்கு முக்குக்குக் காவல் நிறுத்த வேண்டும், ஹீரோ இல்லாமல் படை நடக்கும் என்பதால் நிறுத்தவும் முடியும். அருமையான யோசனை. பாலத்துக்கு ஒரு ஸ்பிரைட் (சின்ன முதல் நிலை ஆள்), கணவாய்க்கு ஒரு ஸ்பிரைட் என்று பொறுப்பாக நிறுத்துவேன், ஆட்டம் முடிகிற வரை அந்த ஸ்பிரைட்கள் அங்கேயே நிற்கும், அந்தப் பக்கம் ஒருவனும் வர மாட்டான்.

கேரவன் நாலு நாளில் வரும் என்று சொன்னால் நாலு நாளில் வருகிறது. ஐந்து நாள் ஆனாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இதுதான் எனக்கு எரிச்சல். தபால் இலாகாவை அவ்வளவு அழகாக நடத்திவிட்டு, எழுத ஆளே இல்லாத ஊரில் கொண்டுபோய் வைத்த மாதிரி.

மனிதர்களோடு விளையாடினால் இந்தக் குறை தெரியாது என்பார்கள். இருக்கலாம். ஆனால் நான்காம் பாகம் கடைக்கு வந்தபோது பல பேர் சேர்ந்து விளையாடும் வசதியே அதில் இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். ரேண்டமாகப் புது மேப் உருவாக்கித் தரும் வசதியும் இல்லை, மூன்றில் அது அர்மகெடன்ஸ் பிளேட் விரிவாக்கத்திலேயே வந்துவிட்டது. அதனால் கூட்டம் மூன்றிலேயே தங்கிவிட்டது, ரசிகர்கள் சேர்ந்து செய்த ஹார்ன் ஆஃப் தி அபிஸ் என்ற விரிவாக்கம் இன்றும் புது டவுன், புது மேப் என்று அதற்கு உயிர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. நான்கை விளையாட இன்னொருவரைத் தேடுவதைவிட அந்த ஏஐயோடு மாரடிப்பது சுலபம்.

ஆக, படை நடத்துவதை எது ஒழுங்காக யோசித்திருக்கிறது என்று கேட்டால் நான்கு, சந்தேகமே வேண்டாம். மூன்றில் நடப்பது கேலிக்கூத்து, குள்ளர்களை ராத்திரிக்கு அடகு வைக்கிற ஆட்டத்தை யார் முன்னாலும் தலைநிமிர்ந்து ஆதரிக்க முடியாது. வாங்கச் சொல்வது மூன்றைத்தான். ராத்திரி ஒரு மணிக்கு "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று உட்கார வைப்பது அதுதான், நான்கு பதினொன்றரைக்கெல்லாம் தூங்க விட்டுவிடுகிறது. தூக்கம் முக்கியம் என்றால் நான்கை வாங்கிக்கொள்ளலாம், அந்த இசையைக் கேட்டுக்கொண்டே.

ஒன்று மட்டும் கவனம். மூன்றாம் பாகம் என்று தேடினால் 2015-ல் வந்த ஹெச்டி பதிப்பும் கண்ணில் படும், படம் பளிச்சென்று இருக்கும், ஆசையாக இருக்கும், வாங்காதீர்கள். அதில் மூன்றாம் பாகத்தின் மூல ஆட்டம் மட்டும்தான், விரிவாக்கங்களான அர்மகெடன்ஸ் பிளேடும் இல்லை, ஷேடோ ஆஃப் டெத்தும் இல்லை, ஹார்ன் ஆஃப் தி அபிஸும் அதன் மேல் ஏறாது. கம்ப்ளீட் என்று பெயர் போட்ட பழைய பதிப்பை வாங்கி, ரசிகர்கள் இலவசமாகக் கொடுக்கும் ஹெச்டி மாட் என்ற திருத்தத்தை மேலே போட்டுக்கொண்டால் பெரிய திரையிலும் ஒழுங்காகத் தெரியும்.