ஆமணக்கு நைலானா, பெட்ரோலிய நைலானா?

வாகன எரிபொருள் குழாய், லாரியின் ஏர் பிரேக் குழாய் என ஒரே வேலைக்குப் போட்டி போடுபவை நைலான் 11-ம் நைலான் 12-ம். பின்னதற்கு மூலம் பெட்ரோலியத்தில் கிடைக்கும் பியூட்டாடையீன். முன்னதற்கு ஆமணக்கு எண்ணெய்: அதிலுள்ள ரிசினோலியிக் அமிலத்தின் எஸ்டரை (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த சேர்மம்) கடும் சூட்டில் உடைத்தால் 11 கார்பன் கொண்ட துண்டு கிடைக்கும், அதிலிருந்துதான் நைலான்.

உருகுநிலை 11-க்குச் சுமார் 189 டிகிரி செல்சியஸ், 12-க்கு 178. ஈரம் இரண்டும் அதிகம் உறிஞ்சாது.

2012 மார்ச்சில் நைலான் 12-க்கு மூலப்பொருள் தயாரித்த ஜெர்மனியின் மார்ல் நகர ரசாயன ஆலை வெடித்ததும், நைலான் 12 கிடைக்காமல் கார் நிறுவனங்கள் திண்டாடின. மழை பொய்த்தால் ஆமணக்கும் விலை ஏறும், சரி. அப்புறம், செடியிலிருந்து வந்தாலும் நைலான் 11 மண்ணில் மக்காது. இருந்தும் சூடான என்ஜினை ஒட்டிய குழாய்க்கு நான் 11-ஐத்தான் எடுப்பேன்.