640 வெள்ளி போச்சு! பழைய பிஜேடி பொம்மை வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விலங்கு உருவப் பந்துமூட்டு பொம்மைகளை (அதுதான் பிஜேடி) சேர்ப்பவர்கள் சிங்கப்பூரில் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேராவது தப்பிக்கட்டும். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் வாங்கியது ஆட்டுமுகப் பொம்மை. கொரியத் தயாரிப்பு, ரெசின் என்னும் கெட்டிப் பிசினில் வார்த்தது. சுருண்ட கொம்பு, காந்தத்தில் ஒட்டி நிற்கும் காது, குளம்பு வைத்த ஆட்டுக்கால். (சூப் நினைப்பு வருகிறவர்கள் மன்னிக்கவும்.) இந்த மாதிரி பொம்மைகளுக்குக் குறிப்பிட்ட சில வாரங்கள்தான் ஆர்டர் எடுப்பார்கள், அதோடு சரி. அப்புறம் வேண்டுமென்றால் வைத்திருப்பவர்களிடம்தான் வாங்க வேண்டும். அந்தச் சமயத்தில் பணம் பத்தாமல் குளம்புக் கைகளை மட்டும் வாங்கி வைத்திருந்தேன். உடம்புக்காகக் காத்திருந்தேன்.

பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் வந்தது. எம்ஆர்டி நிலைய வாசலில் சந்தித்தோம். ஆளைப் பார்த்தால் சந்தேகமே வராது. பஞ்சு வைத்துத் தைத்த பையிலிருந்து குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தார். "ஜன்னல் ஓரம் வைக்காதீங்க, வெயில் பட்டா ரெசின் மஞ்சளாயிடும்" என்றார். முகத்தில் பாஸ்டல் தூளால் வரைந்து மேட் ஸ்ப்ரே அடித்திருப்பதால் விரல் படாமல் பிடிக்கச் சொன்னார். எண் போட்ட சான்றிதழையும் நீட்டினார். போலி விற்கிறவன் இவ்வளவு அக்கறையாகப் பேசுவானா? செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் போகும் என்றார். அங்கேயே நின்று, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் பேநவ்வில் 640 வெள்ளி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து உடையைக் கழற்றி, உள்ளே ஓடும் இலாஸ்டிக்கைக் கொக்கியால் இழுத்து, என் குளம்புக் கையை மாட்டப் பார்த்தேன். மணிக்கட்டுப் பந்து முன்கையின் குழிக்குள் உட்காரவில்லை. பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அசலின் மேல் சிலிக்கான் அச்சு எடுத்து ரெசின் ஊற்றினால், ரெசின் இறுகும்போது துளி சுருங்கும். அதனால் நகல் எப்போதும் அசலைவிடக் கொஞ்சம் சிறிதாக இருக்கும். என்னுடையது அசல் கை, அது ரீகாஸ்ட், அதாவது நகல் உடம்பு! தலையின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே காற்றுக் குமிழிகள், நிறுவனத்தின் முத்திரை எழுத்து தேய்ந்த நாணயம் மாதிரி. சான்றிதழ் கலர் ஜெராக்ஸ்.

உடனே மெசேஜ் போட்டேன். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் நிறம் மாறும் என்று பதில். நான் நிறத்தைப் பற்றியே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன், இலாஸ்டிக் இறுக்கமாம். ஸ்ப்ரே வெளுத்துப் பூத்திருக்கிறதே என்றால் நம்ம ஊர் ஈரப்பதமாம். (ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் வெளுக்கும் என்பது உண்மைதான். இப்படி அரை உண்மையாகச் சொல்லியே தப்பிக்கிறார்கள்.) அப்புறம் பிளாக்.

செயலிக்காரர்கள், பணம் வெளியே போனதால் பொறுப்பில்லை என்றார்கள். விடாமல் எழுதியதும், போலி என்று தயாரிப்பாளரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். தயாரிப்பாளரோ தங்களிடம் நேரடியாக வாங்கியதற்கு மட்டும்தான் பதில் சொல்வார்களாம். வங்கியில், நீங்களே அனுப்பியதுதானே என்று முடித்துவிட்டார்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், ஆனால் எதிராளியின் முழுப்பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது செயலியில் அவர் வைத்திருந்த பட்டப்பெயர்! 640 வெள்ளிக்கு அதுதான் ரசீது.

நகல் என்று சொல்லி 90 வெள்ளிக்கு விற்றிருந்தால் அது வேறு சண்டை. சிற்பிக்குப் போக வேண்டிய காசு போகவில்லையே என்று திட்டியிருப்பேன், அவ்வளவுதான். அசல் என்று சொல்லி 640 வாங்குவது பச்சைத் திருட்டு.

கண்டுபிடிக்கும் வழிகளை வரிசையாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. தலைமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முதலில் வாங்கியபோது வந்த ஆர்டர் மின்னஞ்சலைக் கேளுங்கள், சான்றிதழை நம்பாதீர்கள். செயலிக்கு வெளியே ஒரு காசும் அனுப்பாதீர்கள். இன்று காலை வேறு பெயரில் ஒரு முயல்காதுப் பொம்மை விற்பனைக்கு வந்திருக்கிறது, படத்தில் அதே பஞ்சுப் பை. விலை 580. தொடாதீர்கள்.