ஹோர்ட்டனா, மலையா?

ஜனவரி பிறந்தால் கொழும்புச் சொந்தக்காரர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஹோர்ட்டனுக்குப் போவமா, மலைக்குப் போவமா?" ஹோர்ட்டன் என்றால் ஹோர்ட்டன் சமவெளி. எங்கள் பக்கத்தில் வெறுமனே மலை என்றால், எல்லாச் சமயத்தவரும் யாத்திரை போகும் சிவனொளிபாத மலைதான்.

இரண்டும் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டுக் காடுகள். ஒன்றுக்கு கேட் உண்டு, மற்றதற்கு இல்லை. என் கணக்கில் பெரிய வித்தியாசம் அதுதான்.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். தண்ணீர் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் விடுவார்கள். அத்தை வாழையிலையில் கட்டி, அதற்கு மேல் ஷொப்பிங் பேக்கும் சுற்றிக் கொண்டுவந்த ரொட்டி, ஒருமுறை இலையோடு மட்டும் உள்ளே போனது. அத்தைக்குக் கோபம். எனக்கோ அந்தக் கெடுபிடி பிடிக்கும். வாகனம் நிறுத்தும் இடம்வரை மரைகள் என்ற பெரிய மான்கள் கூச்சமில்லாமல் வந்து நிற்கும். சாப்பாட்டு வாசம் ஒட்டிய பொலித்தீன் கிடைத்தால் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். ஒரு காலத்தில் இதே புல்வெளியில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள் என்றால் இன்று நம்பக் கஷ்டம். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் தண்ணீர் தரும் மண் இது. மழை பெய்யாத நாளிலும் மரத்தில் படிந்த பாசி மூடுபனியைப் பிடித்துச் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் கேட் இருப்பதால் தனிமை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். சுமார் 9 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை விட்டு இறங்கக் கூடாது. பத்து மணிக்குள், 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளத்தை மூடுபனி மறைத்துவிடும் என்பதால் எல்லோரும் விடியற்காலையிலேயே ஓடுகிறார்கள். 800 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்ப்பதைவிட செல்பிக்கு இடம் பிடிப்பதே பெரிய வேலை.

சிவனொளிபாத மலை 2,243 மீட்டர். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சீசன். நீ எந்தச் சமயம் என்று படியில் யாரும் கேட்பதில்லை. அந்த ஒன்றுக்காகவே நான் திரும்பத் திரும்ப ஏறுகிறேன். ஆனால் காடு? ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இரவில், மின்விளக்கு வெளிச்சத்தில், தேத்தண்ணிக் கடைகளுக்கு நடுவே ஏறுகிறவருக்குக் காடு வெறும் இருட்டு. குப்பை போடாதீர்கள் என்று ஒவ்வொரு சீசனும் சொல்கிறார்கள்தான். நல்லதண்ணி, பலாபத்தல, ஏரத்ன என்று பல வழிகளில் ஏறும் கூட்டத்தில் யார் பையை யார் திறந்து பார்ப்பது? வழியில் இந்திகடுபான என்ற இடத்தில் முதல்முறை வருகிறவர்கள் இழுத்துக் கட்டும் வெள்ளை நூல் எனக்கு உறுத்துவதில்லை. அதன் பக்கத்தில் கிடக்கும் பிஸ்கட் உறைதான் உறுத்துகிறது.

செலவில் மலைதான் மலிவு, டிக்கட் கிடையாது. ஹோர்ட்டனில் நம்மவர்களுக்கு டிக்கட் பெரிய காசில்லை. பட்டிப்பொல அல்லது ஓஹிய ரயில் நிலையத்திலிருந்து பிடிக்கும் வேன்தான் கையைக் கடிக்கும்.

முழங்கால் வலிக்காரரும், காடு பார்க்க ஆசைப்படுகிறவரும் ஹோர்ட்டனுக்கே போகலாம். மலைக்கு ஓர் இரவும், அப்புறம் நொண்டி நடக்க இரண்டு நாளும் வேண்டும். கைக்குழந்தை இருந்தால் நுவரெலியா டவுனை ஒட்டிய சின்னஞ்சிறு கல்வேஸ் லேண்ட் தேசியப் பூங்கா போதும், பறவை பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

அத்தை இந்த வருஷம் மலைக்குத்தான் என்கிறார். ரொட்டியை ஷொப்பிங் பேக்கோடேயே கொண்டுபோகலாமாம்.